டிலாமினேஷன் சிமுலேஷன்: கணக்கைக் கையால் போட்டுவிட்டு மெஷ் போடுங்கள்

நார்களையும் பிசினையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யும் காம்போசிட் லேமினேட்டில் அடுக்குகளுக்கு நடுவே விரிசல் வளர்வதை, அதாவது டிலாமினேஷனை, எம்.டெக். ப்ராஜெக்டாக எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் இதே தலைப்பில்தான் செய்தேன். பலர் முதல் வாரமே இறக்கைப் பேனலை வரைந்து விரிசலை ஓடவிடப் பார்க்கிறார்கள். வேண்டாம். டிசிபி (டபுள் கான்டிலீவர் பீம்) சோதனையில் ஆரம்பியுங்கள். ஒரு முனையில் ஏற்கெனவே பிளந்திருக்கும் பட்டையின் இரு கரங்களையும் எதிரெதிராக இழுப்பதுதான் அது. ஏஎஸ்டிஎம் டி5528 அதற்கான தரமுறை. இதன் விடை பீம் தியரியிலேயே கிடைத்துவிடும் என்பதால், மென்பொருள் தரும் விடை சரியா தவறா என்று உடனே தெரியும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அகலம் 25 மி.மீ., ஒரு கரத்தின் தடிமன் 1.5 மி.மீ., நார்த்திசை மீள்குணகம் 150 கிகாபாஸ்கல், தொடக்க விரிசல் 50 மி.மீ., முறிவாற்றல் (விரிசல் ஒரு சதுர மி.மீ. வளரத் தேவையான ஆற்றல்) மி.மீட்டருக்கு 0.3 நியூட்டன். அகலம், முறிவாற்றல், மீள்குணகம், ஒரு கரத்தின் நிலைமத் திருப்புத்திறன் (அகலம் × தடிமனின் கனம் ÷ 12) நான்கையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, விரிசல் நீளத்தால் வகுத்தால் சுமார் 56 நியூட்டன் வரும். அந்த விசையில்தான் விரிசல் நகரத் தொடங்கும். அப்போது இரு கரங்களின் திறப்பு ஏறத்தாழ 4.4 மி.மீ. உங்கள் மாடலின் உச்ச விசை இதைவிடச் சற்றுக் குறைவாக வந்தால் கவலைப்படாதீர்கள். கரத்தின் அடி முழு இறுக்கமாக இருப்பதில்லை, கொஞ்சம் சுழலும். ஆனால் 80 நியூட்டன் வந்தால் கோளாறு மெஷ்ஷில்தான், அதாவது மாடலைச் சிறு எலிமென்டுகளாகப் பிரிக்கும் வலையில்தான் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது கோஹெசிவ் எலிமென்ட். இரு அடுக்குகளுக்கு நடுவே பசைபோல் வைத்து, விசை மீறும்போது விரிசலாகத் திறக்கவிடும் எலிமென்ட் அது. பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். விரிசல் முனைக்கு முன்னால் பொருள் பலவீனமாகிக்கொண்டிருக்கும் ஒரு சிறு பகுதி உண்டு. குறுக்கு மீள்குணகத்தை முறிவாற்றலால் பெருக்கி, இடைமுக வலிமையின் வர்க்கத்தால் வகுத்தால் அதன் நீளம் தோராயமாகக் கிடைக்கும். குறுக்கு மீள்குணகம் 10 கிகாபாஸ்கல், வலிமை 60 மெகாபாஸ்கல் என்றால் சுமார் 0.8 மி.மீ. அதற்குள் குறைந்தது மூன்று எலிமென்டுகளாவது உட்கார வேண்டும். அதாவது ஒவ்வொன்றும் கால் மி.மீ. அளவுதான் இருக்கலாம். 2 மி.மீ. மெஷ் போட்டால் எலிமென்டுகள் ஒவ்வொன்றாகப் படார் படாரென்று திறக்கும். விசை வரைபடம் ரம்பப் பல் போல ஏறி இறங்கும், உச்சமும் பொய்யாக உயரும்.

பெரிய மாடலில் கால் மி.மீ. கட்டுப்படியாகாது. அப்போது முறிவாற்றலைத் தொடாமல் வலிமையை மட்டும் 30 மெகாபாஸ்கலாகக் குறைக்கலாம். அந்தப் பகுதியின் நீளம் நான்கு மடங்காகிவிடும், எலிமென்டையும் அதே அளவுக்குப் பெரிதாக்கலாம். ஏற்கெனவே உள்ள விரிசல் வளர்வதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஆற்றல்தான் என்பதால் இது செல்லுபடியாகும். விரிசலே இல்லாத இடத்தில் அது எங்கே பிறக்கும் என்று கேட்கும் கணக்கில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அங்கே வலிமைதான் விடையைச் சொல்கிறது. வைவாவில் என்னை விடாமல் துளைத்த கேள்வி இதுதான்.

விசிசிடி (விர்ச்சுவல் கிராக் க்ளோஷர் டெக்னிக்) முறையையும் ஒருமுறை செய்து பாருங்கள். விரிசலைச் சிறிது மூட எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று கணக்கிடுவது அது. ரிபிக்கி, கன்னினென் இருவரும் 1977இல் தந்தது. முனையிலுள்ள கணுவின் (நோட்) விசையையும் அதன் பின்னாலுள்ள திறப்பையும் பெருக்கி, ஒரு எலிமென்ட் அளவு விரிசல் பரப்பின் இருமடங்கால் வகுத்தால் விரிசல் வளர்ச்சிக்குக் கிடைக்கும் ஆற்றல் வந்துவிடும், எக்செல்லிலேயே சரிபார்க்கலாம். ஆனால் அதற்கு முன்விரிசல் கட்டாயம் வேண்டும்.

சோதனைத் தரவை எடுக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம். நார்கள் எல்லாம் ஒரே திசையில் இருக்கும் டிசிபி துண்டில், விரிசல் நீள நீள நார்கள் இரு பக்கத்தையும் பாலம்போல் பிடித்துக்கொள்ளும். முறிவாற்றல் ஏறிக்கொண்டே போகும். நிஜ லேமினேட்டில் அந்த உதவியை நம்ப முடியாது. ஆகவே தொடக்க மதிப்பையே உள்ளிடுங்கள். பாதுகாப்பான பக்கம் அதுதான்.

டிசிபி பொருந்திய பிறகு, வெட்டுமுறைக்கான (அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி விரிசல் வளரும் முறை) இஎன்எஃப் சோதனைக்குப் போங்கள். முனையில் பிளந்த பட்டையை இரு தாங்கல்களில் வைத்து நடுவில் அழுத்துவது அது. அதில் விரிசல் நீளம் அரைத் தாங்கல் தூரத்தில் சுமார் 0.7 பங்குக்குக் கீழே இருந்தால் விரிசல் நிலையாக வளராது, சட்டென்று பாயும். சால்வர் அங்கே கன்வர்ஜ் ஆகாமல், அதாவது விடைக்கு வந்து சேராமல் நிற்பது இயற்பியலால் வருவது. விஸ்கஸ் ரெகுலரைசேஷனை (சால்வருக்கு உதவச் சேர்க்கும் செயற்கைத் தணிப்பை) ஏற்றி அதை அமுக்கப் பார்க்காதீர்கள். தொடக்க விரிசலை நீளமாக்குங்கள், இல்லையென்றால் விசையையும் இடப்பெயர்ச்சியையும் சேர்த்தே படிப்படியாகத் தேடும் ஆர்க்-லெங்த் முறைக்கு மாறுங்கள். ரெகுலரைசேஷன் வைத்தே ஆக வேண்டுமென்றால், அது கரைத்த ஆற்றலை மொத்தத் திரிபாற்றலோடு ஒப்பிட்டு, அந்த வரைபடத்தையும் ரிப்போர்ட்டில் சேர்த்துவிடுங்கள்.