வானொலிப் பாட்டுப் போட்டி உண்மையிலேயே புதியவர்களுக்கா?

என்னிடம் பாட்டு கற்கும் பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. என் பதில்: எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

அகில இந்திய வானொலியில் பாட ஆளெடுக்கும் குரல் தேர்வை நான் மதிக்கிறேன். பாடுபவருக்கு ஒரு எண் மட்டும்தான். தேர்வுக் குழு முகத்தைப் பார்ப்பதில்லை, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை, குரலைத்தான் கேட்கிறது. 1952க்குப் பிறகு தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த கேஸ்கர் காலத்தில் இம்முறை கெடுபிடியானபோது, பெரிய வித்வான்களே எதிர்த்தார்கள். 16 முதல் 24 வயதுக்காரர்களுக்கு இசைப் போட்டியும் நடத்துகிறார்கள்.

ஆனால் அந்தக் குரல் தேர்விலும் ஒரு தடை உண்டு. கர்நாடக இசை என்றால் நீளமான கீர்த்தனைப் பட்டியல் கொடுக்க வேண்டும். மெல்லிசைக்குச் சினிமாப் பாட்டு செல்லாது. கேட்டுக் கேட்டே பாடப் பழகிய பையன் இதற்கு எங்கே போவான்? வருடக்கணக்கில் சம்பளம் கொடுத்துக் கற்றவர்களுக்குத்தான் அது எளிது. எனக்கு இதில் உண்மையான வருத்தம்.

தனியார் பண்பலைப் போட்டிகளில் சினிமாப் பாட்டு பாடலாம், அது நல்லது. அப்புறம் எஸ்எம்எஸ் ஓட்டு வரும். என் மாணவி ஒருத்தி, டீக்கடைக்காரர் மகள், சுருதி பிசகாமல் பாடியும் ஓட்டுச் சுற்றில் வெளியேறினாள். அவளுக்கு ஓட்டுப் போட அவர்கள் தெருவே திரண்டது, போதவில்லை. அவளை இப்போது மெல்லிசைத் தேர்வுக்குத் தயார் செய்கிறேன். பாரதியார் பாடல் ஒன்றில் தொடங்கியிருக்கிறோம்.