ஐந்து சோலனாய்டும் ஒரே நாளில் போகாது

கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்ய 3,200 டாலர் என்று ஒரு ஷெட்டில் எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருக்கிறது. கடைசியில் வண்டியைச் சரிசெய்த சாமானுக்கு ஆன செலவு 9 டாலர். நடுவில் நான் வீணாக்கிய ஆயில், சனிக்கிழமைகள், மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எல்லாம் தனிக்கணக்கு.

வண்டி 2000-ஆம் வருடத்து செவர்லே சில்வராடோ 1500 பிக்கப். 5.3 லிட்டர் வி8 இன்ஜின், 4எல்60-இ என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக். 1,64,000 மைல் ஓடியது. மிச்சிகனில் வீடும் தோட்டமும் வைத்திருப்பவனுக்கு மண், மரத்தூள், நண்பர்களின் சோபா என்று ஏதாவது ஏற்ற இருந்துகொண்டே இருக்கும். அதற்காக வாங்கியது.

ஏப்ரலில் ஒரு நாள் கேண்டனில், ஃபோர்டு ரோடு சிக்னலில் பச்சை விழுந்தது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறேன், வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது. இன்ஜின் மட்டும் உறுமுகிறது. மூன்றாவது கியரில் பஸ்ஸை எடுத்தால் எப்படி முக்கிக்கொண்டு நகரும், அப்படி நகர்ந்தது. பின்னால் ஹாரன். ஓரங்கட்டி ரிவர்ஸ் போட்டால் யாரோ அடியில் சம்மட்டியால் அடித்ததுபோல் ஒரு சத்தம். செக் இன்ஜின் விளக்கும் எரிந்தது. இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துக் கிளப்பினேன். ஒன்றுமே நடக்காததுபோல் நான்கு கியரும் அழகாக விழுந்தன. மறுநாள் காலையிலும் ஒழுங்காக ஓடி, இருபது நிமிடம் கழித்து அதே கதை.

முதல் தப்பு நான் செய்ததுதான். டேஷ்போர்டுக்குக் கீழே செருகும் 20 டாலர் புளூடூத் ரீடரை மாட்டி, வரிசையாக வந்த கோடுகளை, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறு எண்களை, பார்த்தேன். பார்த்துவிட்டு, 'அழித்துப் பார்ப்போம், திரும்ப வருகிறதா தெரியும்' என்று அழித்துவிட்டேன். எழுதி வைக்கவில்லை, போனில் படம்கூட எடுக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேராக ஒரு டிரான்ஸ்மிஷன் ஷெட்டுக்குப் போனேன்.

அங்கே இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் வண்டி நன்றாக ஆறிவிட்டது. அவர்கள் ஒரு சுற்று ஓட்டினார்கள், கம்ப்யூட்டரில் மாட்டினார்கள், கோடு எதுவும் இல்லை. எப்படி இருக்கும்? நான்தான் துடைத்து வைத்திருந்தேனே. அழித்துவிட்டேன் என்று சொன்னதையும் அந்த ஆள் காதில் வாங்கவில்லை. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆயில் கருத்துப்போயிருக்கிறது, உள்ளே 3-4 கிளட்ச் பிளேட் போயிருக்கும், இறக்கிப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்" என்றார். பார்த்துச் சொன்னதற்கு 140 டாலர். சீட்டில் 3,200.

நம்பிவிட்டேன் என்பதுதான் கடுப்பு. இந்தக் கியர்பெட்டிக்கு வயதானால் முதலில் தேய்வது, மூன்றாவது, நான்காவது கியர்களுக்குப் பிடிப்பு தரும் அந்த 3-4 கிளட்ச்தான் என்று நானே படித்திருந்தேன். ஆனால் அது போனால் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது பிடிப்பு கிடைக்காமல் இன்ஜின் சுற்று மட்டும் ஏறும். என் வண்டியிலோ மூன்றாவது ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருந்தது. செத்துப்போனதாக அவர் சொன்ன அந்தப் பிளேட்தான் வண்டியை வீடு வரை இழுத்துக்கொண்டு வந்தது. இது எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது.

அந்த ஒரு வாரத்தில் செய்த இன்னொரு கோமாளித்தனம் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியது. அடியில் ஆயில் தேங்கும் தட்டான சம்ப்பைக் கழற்றி ஃபில்டர் மாற்றினேன். அடியில் இருந்த காந்தத்தில் சாம்பல் நிறத்தில் நைசான விழுது, அவ்வளவுதான். உலோகச் சில்லு எதுவும் இல்லை. (விழுது எல்லாப் பழைய பெட்டியிலும் இருக்கும். சில்லு கிடந்தால்தான் பயப்பட வேண்டும்.) பழைய ஆயிலை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் சொட்டிப் பார்த்தேன். செங்காவி நிறம், தீய்ந்த வாடை இல்லை. புது ஆயில் (டெக்ஸ்ரான் 6) ஊற்றி, வண்டி ஆறியிருக்கும்போதே டிப்ஸ்டிக் பார்த்து 'குறைவாக இருக்கிறதே' என்று இன்னும் ஊற்றினேன். சூடானதும் கோட்டுக்கு மேலே ஒரு விரல் நின்றது. இந்தப் பெட்டியில் ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பார்க்கில் வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். கூடினால் நுரைத்து அதுவே கியரைக் கெடுக்கும். டிப்ஸ்டிக் குழாய் வழியாகக் கைப்பம்பால் உறிஞ்சி எடுத்தேன். இத்தனைக்கும் பிறகு ஒரு மாற்றமும் இல்லை.

அப்புறம்தான் புத்தி வந்து, வண்டி மக்கர் செய்யும்வரை ஓட்டி, இன்ஜினை அணைக்காமலே கோடுகளை எடுத்தேன். இந்த முறை பேனாவும் பேப்பருமாக. பி0753, பி0758, பி0740, பி0785, பி1860. எல்லாம் சோலனாய்டு கோளாறு, அதாவது பெட்டிக்குள் ஆயிலைத் திறந்து மூடும் மின்வால்வுகள். முதல் இரண்டும் கியர் மாற்றும் சோலனாய்டுகளின் மின்சுற்று. பி0785 மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்குவதற்கானது. மற்ற இரண்டும் இன்ஜினையும் பெட்டியையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்டரின் பூட்டுக்கு. ஆக, ஐந்து சோலனாய்டும் ஒரே நேரத்தில் ஒப்பாரி வைக்கின்றன.

ஐந்தும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நாளில் போகுமா? இந்த ஐந்துக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று: சாவி போட்டதும் 12 வோல்ட் கொண்டுவரும் இளஞ்சிவப்பு ஒயர். அது ஒன்றில்தான் எல்லாம் உயிர் வாழ்கின்றன. கம்ப்யூட்டர் எதிர்ப்பக்கத்தை எர்த் செய்து ஒவ்வொன்றாக இயக்குகிறது. கியர் மாற்றும் இரண்டு சோலனாய்டுக்கும் மின்சாரம் இல்லாவிட்டால் இந்தப் பெட்டி தானாக நிற்கும் இடம் மூன்றாவது கியர். முதல் கியரின் விகிதம் 3.06, மூன்றாவது 1. சிக்னலில் மூன்றில் ஒரு பங்கு இழுவைதான் கிடைத்திருக்கிறது. கோளாறு கண்டதும் கம்ப்யூட்டர் ஆயில் பிரஷரை முழுதாக ஏற்றிவிடும். ரிவர்ஸில் கேட்ட சம்மட்டி அடி அதுதான். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

ஃபியூஸ் பார்த்தேன், நன்றாக இருந்தது. கியர்பாக்ஸின் வலப்பக்கம் ஒரு வட்டக் கனெக்டர், இருபது பின். சாவியை அணைத்து அதைக் கழற்றி, மறுபடி சாவி போட்டு, ஒயர் பக்கத்தில் மல்டிமீட்டர் வைத்தால் 12.2 வோல்ட். சரி, மின்சாரம் வருகிறது, இது இல்லை என்று அடித்துவிட்டேன். இரண்டு வாரம் இதில் போனது. புது சோலனாய்டு செட்டுக்கு ஆர்டர்கூடப் போடப் பார்த்தேன். நல்லவேளையாக, பெட்டிப் பக்கத்தில் ஓம் அளந்ததில் கியர் சோலனாய்டு இரண்டும் 22, 23 ஓம் காட்டின. 20-லிருந்து 30-க்குள் இருந்தால் சுகம்.

ஆபீஸில் திருநெல்வேலித் தம்பி ஒருவர், கார் எலக்ட்ரிக்கல் வேலைக்காரர். மதியச் சாப்பாட்டில் புலம்பியபோது சிரித்தார். "அண்ணே, பைப்ப மூடி வச்சுட்டு பிரஷர் பாத்தா நல்லாத்தாம்ணே இருக்கும். தொறந்துவிட்டுல்லா பாக்கணும்." கனெக்டரைக் கழற்றிவிட்டால் ஒயரில் ஓட்டமே இல்லை. ஓட்டம் இல்லாவிட்டால் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். பழைய பிரேக் லைட் பல்பு ஒன்றைப் போட்டுப் பாருங்கள், அது ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும் என்றார்.

ஆறியிருக்கும்போது பல்பு பளிச்சென்று எரிந்தது. அரை மணி நேரம் ஓட்டிவந்து, சைலன்சர் பைப் கொதிக்கக் கொதிக்க அடியில் படுத்து மாட்டினேன். ஊதுபத்தி முனைபோல ஒரு சிவப்புப் புள்ளி. பல்பு மாட்டிய நிலையிலேயே மீட்டர் வைத்தால் 4 வோல்ட். முழங்கையில் ஒரு கொப்புளம் வாங்கிக்கொண்டேன். அது பற்றி வருத்தமில்லை.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், சைலன்சர் பைப்பின் மூட்டருகே ஒயரைத் தூக்கிப் பிடிக்கும் கிளிப்பையே காணோம். முன்பு யாரோ சைலன்சர் மாற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. ஒயர்க்கட்டு தொங்கி பைப்மேல் சாய்ந்து, மேலே இருந்த பிளாஸ்டிக் உறை உருகி வழிந்திருந்தது. உள்ளே இளஞ்சிவப்பு ஒயரின் செம்பு பச்சை பூத்துப் பொடிந்துபோயிருந்தது. மிச்சிகனில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பு கொட்டுவார்கள், தோல் உரிந்த ஒயரை அது விட்டுவைக்குமா? எண்ணிப் பார்த்தேன், மூன்று இழை பாக்கி. சூடேறும்போது அதுவும் கைவிட்டிருக்கிறது.

பச்சை பூத்த பகுதியை முழுதாக வெட்டி, நல்ல செம்பு தெரியும் வரை போய், புதுத்துண்டு வைத்து இறுக்கி, உள்ளே பசையுள்ள சுருங்கும் குழாய் போட்டு மூடினேன். முறுக்கி டேப் சுற்றுவது இந்த ஊர் உப்புக்கு ஒரு வருடம்கூடத் தாங்காது. பிறகு பைப்பிலிருந்து தள்ளி, ரப்பர் வைத்த இரும்புக் கிளாம்பில் கட்டினேன். மொத்தம் 9 டாலர்.

கோடுகளை அழித்துவிட்டு (இந்த முறை எழுதிவைத்த பிறகு) ஐ-275-இல் நாற்பது நிமிடம் ஓட்டினேன். மக்கர் செய்த நாட்களில் 60 மைல் வேகத்தில் ஆர்பிஎம் முள் 2,500-இல் நின்று கத்தும். இப்போது 1,750-க்குப் பக்கத்தில் அமைதியாக இருந்தது. வீட்டு வாசலில் ரிவர்ஸ் போட்டேன், சத்தமே இல்லை.

உங்கள் பழைய வண்டியும் மூன்றாவதில் மாட்டிக்கொண்டால், லீவரை 2-க்கு இறக்கிப் பாருங்கள். இரண்டாவது கியர் ஒழுங்காகப் பிடித்தால் உள்ளே இரும்பெல்லாம் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது, ஒயரைத் தேடலாம். ஷெட்டுக்குப் போவதானால் கோளாறு வரும் நேரத்தில் கொண்டுபோய், இன்ஜினை அணைக்காமல், கோடுகளை உங்கள் கண்முன் எடுக்கச் சொல்லுங்கள்.

அந்த ஷெட்டிலிருந்து போன வாரம் போன் வந்தது, எப்போது கொண்டுவருகிறீர்கள் என்று. ஒயர் என்று சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, எதற்கும் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது என்றார்.

இப்போதைக்கு ஒரே தொல்லை, நான் தேவையில்லாமல் கழற்றிய சம்ப்தான். போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கிவிட்டேன்போல, கேஸ்கெட் பிதுங்கி கராஜ் தரையில் தினம் ஒரு சொட்டு விழுகிறது. அடியில் அட்டை விரித்து வைத்திருக்கிறேன். வர சனிக்கிழமை அதைப் பார்க்க வேண்டும்.