இரண்டாம் கட்டில் அடுக்கிய புத்தகக் கட்டுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சொந்தச் செலவில் வரும் புத்தகங்கள் பலவற்றுக்குக் கெடு வைப்பது அச்சகமல்ல, ஜோசியர். மணிவிழாவுக்கு முகூர்த்தம் குறித்த அன்றே குடும்ப வரலாற்றுக்கும் தேதி விழுந்துவிடும். பர்மா நினைவுகள், கோயில் தலவரலாறு, கவிதைத் தொகுப்பு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். நாள் நெருங்க நெருங்க முதலில் காவு போவது மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கும் வேலை.

பதிப்பகம் என்றால் எழுதியவர் அல்லாத இன்னொரு கண் இருக்கும். இங்கே அது கிடையாது. எழுதியவரே மூன்று முறை படித்தாலும், தாளில் இருப்பதை விட்டுவிட்டு மனதில் இருப்பதைத்தான் படிப்பார். குடும்ப நூலில் பெயருக்கு முன் வரும் விலாச எழுத்து (குடும்ப முதலெழுத்து) ஒன்று மாறினால் போதும், பங்காளி வீட்டில் புத்தகம் பிரிக்கப்படாமலே திரும்பி வரும். நகரத்தார் தம் குலத்தைக் கோயில் பெயரால்தான் சொல்வார்கள். கோயில் இளையாற்றங்குடி என்று போட்டுவிட்டு, அதன் ஏழு பிரிவில் எது என்பதை விட்டாலும் அப்படித்தான்.

இதைவிட மோசமானது எழுத்துரு மாற்றத்தில் நுழையும் பிழை. பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது ‘அவர்’ என்பதில் ரகரத்துக்குப் பதில் துணைக்கால் வந்து, அதன்மேல் புள்ளி உட்கார்ந்துகொள்ளும். திரையில் வித்தியாசமே தெரியாது. எழுத்துருவை மாற்றிப் பார்த்தால் அந்த இடத்தில் புள்ளிகளால் ஆன வட்டம் முளைக்கும். மின்னூலில் ‘அவர்’ என்று தேடினால் சிக்காது. கோப்பு முழுவதும் ‘துணைக்கால், புள்ளி’ என்ற சேர்க்கையைத் தேடி ‘ர்’ ஆக்குவது பத்து நிமிட வேலை. அதைச் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததுதான் சிக்கல்.

அடுத்தது எண்ணிக்கை மயக்கம். டெம்மி என்ற நூல் அளவில், ஒரு பெரிய அச்சுத் தாளின் இருபுறமும் சேர்ந்து 16 பக்கம். அதுதான் ஒரு ஃபாரம். 192 பக்க நூலுக்கு 12 ஃபாரம். ஆயிரம் பிரதிக்கு 12,000 தாள், அதாவது ரீமுக்கு 500 தாள் வீதம் 24 ரீம், வீணாகும் தாள் தனி. பக்கம் 197 ஆகிவிட்டால் ஐந்து பக்கத்துக்காகப் பதின்மூன்றாவது ஃபாரத்தில் கை வைக்க வேண்டும். வடிவமைப்பிலேயே பத்தி இடைவெளியைக் குறைத்து 192க்குள் அடக்கப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

ஆஃப்செட் அச்சில் பிளேட் (அச்சுத் தகடு), அதை இயந்திரத்தில் ஏற்றும் செலவு எல்லாம் 300 பிரதிக்கும் ஆயிரத்துக்கும் ஒன்றுதான். அதனால் ஆயிரம் போட்டால் ஒரு பிரதியின் அடக்கம் இறங்கும். ‘இன்னும் கொஞ்சம் போட்டால் மலிவுதானே’ என்று அச்சகத்தில் சொல்வது பொய்யில்லை. ஆனால் மலிவது பிரதியின் அடக்கம்தான், மொத்தச் செலவு ஏறத்தான் செய்யும். பேச்சுக்கு அடக்கம் 75 ரூபாய், விலை 200 என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு 40 சதம் தள்ளுபடி போனால் கைக்கு 120. போட்ட 75,000 திரும்ப 625 பிரதி விற்றாக வேண்டும். விழாத் தாம்பூலப் பையில் 300 போய்விட்டால் மிச்சம் 700. அதில் 625 விற்க ஊர் ஊராகக் கடை ஏற வேண்டும். கடைக்காரர் விற்றால்தான் காசு கொடுப்பார், விற்காததைக் கசங்கிய அட்டையோடு திருப்புவார். நூலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அச்சுக் கூலிக்கு உண்டு. அந்த வரியைத் திரும்பப் பெற வழியில்லாததால் அதுவும் அடக்கத்தில் ஏறும். குறைந்த கட்டணத்தில் நூல் அனுப்ப உதவிய பதிவு நூல் அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றபோது, ஒற்றைப் பிரதி அனுப்பும் செலவும் உறுத்தத் தொடங்கியது.

நூலின் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குக் கட்டணம் இல்லை. நூலாசிரியரே தம் பெயரில் விண்ணப்பிக்கலாம். அச்சு முதல் எல்லா வேலையும் சேர்த்துத் தொகுப்புத் திட்டம் என்று பணம் வாங்கும் நிறுவனம் தன் எண்ணைப் போட்டால், பதிவேட்டில் பதிப்பாளர் அந்த நிறுவனம்தான். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்கு 30 நாளில் ஆளுக்கொரு பிரதி போக வேண்டும். பதிப்பகம் வழக்கமாகச் செய்யும் இந்த வேலை, தானே பதிப்பித்தவருக்கு நினைவுக்கே வராது.

ஒரு பிரதி ஏறத்தாழ 220 கிராம் என்றால் ஆயிரம் பிரதி 220 கிலோ. வீடு பெரிதுதானே என்று, வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் தரையிலேயே அடுக்கி, கதவைப் பூட்டிவிட்டுச் சென்னைக்குப் போய்விடுவார்கள். ஐப்பசி மழையில் அடிவரிசை ஈரம் இழுக்கும், சுவரோரம் கரையான் ஏறும். பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். பழைய நூல்களைச் சேகரித்த கோட்டையூர் ரோஜா முத்தையா போன்றவர் ஊரூராகப் பொறுக்கி வைத்ததால் பிழைத்த பிரதிகள் உண்டு. 1994இல் சென்னையில் அவர் பெயரில் நூலகமே வந்தது. எல்லாக் கட்டுக்கும் அந்த யோகம் வாய்க்குமா?

இருநூறு பிரதியை, வேண்டிய அளவு மட்டும் அடித்துக்கொள்ளும் தேவைக்கேற்ற அச்சில் போட்டால் பிரதிக்கு விலை கூடும்தான். ஆனால் பிழை இருநூறோடு நிற்கும். அப்போதும் இறுதி பிடிஎஃப் மட்டும் வாங்கி வந்தால் போதாது. திருத்தக்கூடிய மூலக் கோப்பு, எழுத்துரு, அட்டைக் கோப்பு மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். அட்டைக் கோப்பு ஏன் என்றால், தாள் மாறினால் புத்தக முதுகின் தடிமனும் மாறும். பழைய அளவிலேயே அட்டை போனால் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்பக்கம் எட்டிப் பார்க்கும். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன்பே இவற்றை ஒரு பென்டிரைவில் வாங்கி, வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிடுவது நல்லது.