கண்மாய்க்கு மேலே 786 கிலோமீட்டர்

2024 அக்டோபர் 9, புதன்

ஜெர்மனியின் ம்யூன்ஸ்டருக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. அறைச் சாவி நேற்றுத்தான் கைக்கு வந்தது. அதுவரை இங்கே படிக்கும் திருச்சிக்கார அக்கா ஒருவரின் அறையில் தரையில் மெத்தை போட்டுப் படுத்திருந்தேன். ஒரு நாள்கூட அவர் முகம் சுளிக்கவில்லை.

ஜெர்மனியில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (வரைபடம், செயற்கைக்கோள் படம் போன்ற இடம் சார்ந்த தரவைக் கணினியில் ஆராயும் படிப்பு) படிக்கலாம் என்று முடிவெடுத்த பிறகு நான் தேடித் தேடிப் படித்ததெல்லாம் விசா, ஏபிஎஸ் என்ற பட்டச் சரிபார்ப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு பற்றித்தான். உள்ளே போனால் என்ன படிப்போம் என்று தமிழில் எழுதியது எதுவும் என் கண்ணில் படவில்லை. அதற்காகத்தான் இந்த நாட்குறிப்பு. பணக் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். அரசுப் பல்கலைக்கழகம்; இந்த மாநிலத்தில் கல்விக் கட்டணம் கிடையாது, பருவத்துக்குச் சில நூறு யூரோ கட்டினால் போதும். ஆனால் ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். நான் விசாவுக்குக் கொடுத்தபோது 11,208 யூரோ. செப்டம்பரிலிருந்து 11,904 ஆகிவிட்டது. அதற்காக அப்பா மேலச்செய்யை ஒத்திக்கு வைத்தார். மாதம் 934 யூரோ கைக்கு வரும்போது அந்த வயல்தான் ஞாபகம் வருகிறது.

நான்கு பருவம், 120 பாடப்புள்ளி (கிரெடிட்), பாடம் ஆங்கிலத்தில். ஊரில் எல்லோரும் சைக்கிளில்தான் போகிறார்கள். இந்த ஊர்க்காரர்கள் சைக்கிளுக்கு 'லேட்ஸெ' என்று தனியாக ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். எனக்கும் ஒன்று பழையதாக வாங்க வேண்டும்.

2024 அக்டோபர் 24, வியாழன்

ஆள்கூறு முறைகள் வகுப்பு, அதாவது ஓர் இடத்தை எண்களால் குறிப்பது எப்படி என்ற பாடம். ஆசிரியர் ஒரு பழைய பத்து மார்க் நோட்டைக் கொண்டுவந்து கைமாற்றிவிட்டார். முன்பக்கம் நம் பாடப்புத்தகத்து காஸ், பக்கத்தில் மணி வடிவ வளைகோடு. பின்பக்கம் ஓர் அளவைக் கருவியும் வட ஜெர்மனியின் முக்கோண வலையும். அந்த மனிதர் கணக்கு மட்டும் போடவில்லை, ஹனோவர் நாட்டை 1820-களில் மேடு மேடாக ஏறி அளந்திருக்கிறார்.

நான் கை தூக்கி, அதற்கு முன்பே எங்கள் பக்கம் தொடங்கிவிட்டது என்றேன். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்ப்டன் சென்னை பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதும் போன பெரும் முக்கோண அளவையின் முதல் கோடு அது. வகுப்பில் பாதிப் பேருக்கு இது புதிது. மெட்ரோ ரயிலில் பரங்கிமலையைக் கடந்தபோதெல்லாம் நானும் இதை நினைத்ததில்லை.

பாடத்தின் சாரம் இவ்வளவுதான்: பூமியை எந்த அளவு நசுங்கிய உருண்டையாக (நீள்கோளமாக) எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லாமல் ஆள்கூறு எழுதுவதில் பயனில்லை. இங்கே பழைய வரைபடங்கள் பெஸ்ஸல் கோளத்தில், நம்முடையவை எவரெஸ்ட் கோளத்தில். இந்த நாட்டின் பழைய வரைபடத்தைக் குறிப்புப் பார்க்காமல் இன்றைய ஜிபிஎஸ் புள்ளியோடு சேர்த்தால், நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். ஒரு கண்மாய்க் கரையே இடம் மாறிவிடும்.

2024 நவம்பர் 17, ஞாயிறு

இந்த ஊரில் ஒரு சொலவடை உண்டு. ம்யூன்ஸ்டரில் மழை பெய்யும், இல்லையென்றால் மணி அடிக்கும், இரண்டும் சேர்ந்து வந்தால் ஞாயிற்றுக்கிழமை. இன்று இரண்டும் சேர்ந்து வந்தது.

எனக்கு வேண்டியது வெயில். சென்டினல்-2 படங்களை இறக்கிக்கொண்டிருக்கிறேன். ஐரோப்பியர்களின் இந்தச் செயற்கைக்கோள் இணை 786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது, 290 கிலோமீட்டர் அகலத்துக்குப் படம் எடுக்கிறது, 13 அலைப்பட்டைகள் (ஒளியின் நிறப் பிரிவுகள்), ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடம். எல்லாம் இலவசம். யாரும் இறக்கலாம், எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துகூட. சிவப்பையும் அண்மை அகச்சிவப்பையும் ஒப்பிட்டால் பச்சை தெரியும், பச்சை ஒளியையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டால் தண்ணீர் தெரியும்.

பாடத்துக்கு ம்யூன்ஸ்டர் சுற்றுவட்டாரம். எனக்காக எங்கள் மாவட்டமான ராமநாதபுரத்தின் பழைய படங்களையும் இறக்கினேன். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் பஞ்சு மூட்டைதான். கண்மாய் நிறைவது வடகிழக்குப் பருவமழையில். மேகம் மூடுவதும் அப்போதுதான். தண்ணீர் வருகிற நேரத்தில் தண்ணீரைப் பார்க்க முடியாது. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேல் ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. அவற்றின் நிலவரத்தை வானத்திலிருந்து வாராவாரம் சொல்ல முடிய வேண்டும் என்றுதான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன். முதல் பருவத்திலேயே மேகம் குறுக்கே வந்து நிற்கிறது.

2024 டிசம்பர் 5, வியாழன்

இரவு சமையலறையில் ஐந்து பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து சென்டினல்-1சி ஏவுவதைப் பார்த்தோம். ஃப்ரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து வேகா-சி ராக்கெட்டில் போனது. 1பி டிசம்பர் 2021-ல் செயலிழந்ததிலிருந்து இந்த வரிசையில் 1ஏ ஒன்றுதான் வேலை செய்துகொண்டிருந்தது.

இது ரேடார். தானே அலையை அனுப்பித் திரும்பி வருவதைப் பதிவு செய்யும், மேகமும் இருட்டும் தடையில்லை. அசையாத தண்ணீர் கண்ணாடி மாதிரி அலையை வேறு பக்கம் திருப்பிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். காற்றடித்துச் சிற்றலை எழும்பினால் வெளுத்துப் போகும். அலைநீளம் ஐந்தரை சென்டிமீட்டர் சொச்சம். அந்த எண்ணை நான் மறக்கக் கூடாது, பிறகு தேவைப்படும்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

நான்கு நாள் வீணானது. இல்லை, வீண் என்று சொல்லக் கூடாது.

எங்கள் ஊர்க் கண்மாயின் உட்பரப்புக்கு 2019 முதல் 2024 வரை தாவரக் குறியீட்டை, அதாவது எவ்வளவு பச்சை என்று சொல்லும் எண்ணை, கணக்கிட்டு வரைகோடு போட்டேன். 2022 தொடக்கத்தில் கோடு சட்டென்று இறங்கி அதன் பிறகு மேலே வரவே இல்லை. கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். நீதிமன்றம் வரை போன விஷயமாயிற்றே. அறிக்கையில் ஒரு பத்தியும் எழுதிவிட்டேன். அப்புறம் சந்தேகம் வந்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

"2022-ல நம்ம கண்மாய்ல முள்ளு வெட்டுனாங்களாப்பா?"

"ஒரு குச்சியக்கூட யாரும் தொடலையே தாயி. முன்னைக்கு இப்ப இன்னும் ஏறித்தான் கிடக்கு."

இரண்டு நாள் தேடிக் காரணத்தைப் பிடித்தேன். 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களைத் தயாரிக்கும் முறையை மாற்றியிருக்கிறார்கள். அதன் பிறகு வரும் ஒவ்வொரு பிக்சல் எண்ணிலும் 1000 கூடுதலாக இருக்கும். நாம்தான் கழித்துக்கொள்ள வேண்டும். கழிக்காவிட்டால் என்ன ஆகும்? சிவப்பு 500, அகச்சிவப்பு 3500 என்றால் வித்தியாசம் 3000, கூட்டல் 4000, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் குறியீடு 0.75. இரண்டிலும் ஆயிரம் கூடினால் வித்தியாசம் அதே 3000, கூட்டல் 6000, குறியீடு 0.5. மரம் அங்கேயேதான் நிற்கிறது, என் கணக்கில் மட்டும் காடு அழிந்துவிட்டது.

குறிப்பேட்டில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது, படிக்காதது என் தவறு. இதைப் படிக்கும் யாராவது இதே வேலையைத் தொடங்கினால் முதலில் அந்தத் தேதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

2025 பிப்ரவரி 7, வெள்ளி

தேர்வுகள். இங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி. எனக்குப் புள்ளியியல்தான் பயம். வேறு எழுத நேரமில்லை.

2025 மே 14, புதன்

இந்தப் பருவத்தில் இயந்திரக் கற்றல். ம்யூன்ஸ்டர் சுற்றுவட்டாரத்தில் மக்காச்சோளம், புல்வெளி, காடு, குளம் என்று எல்லை வரைந்து, அந்தப் பிக்சல்களைக் கொண்டு, எது எந்த வகை என்று கணிக்கும் கணினி மாதிரியை (மாடலை) பழக்கினோம். துல்லியம் தொண்ணூறைத் தாண்டியது. எனக்குச் சந்தோஷம். உதவி ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: சோதனைக்கு வைத்த பிக்சல்கள் எங்கிருந்து வந்தன?

பழக்கியதும் சோதித்ததும் ஒரே வயலின் பிக்சல்கள். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஒன்று போலத்தான் இருக்கும். கேள்வித்தாளை முதல் நாளே கொடுத்துவிட்டுத் தேர்வு வைப்பது மாதிரி. வயல் வயலாகப் பிரித்து, மாதிரி பார்க்காத வயல்களில் சோதித்தபோது துல்லியம் எழுபதுக்குக் கீழே வந்து நின்றது. இடம் சார்ந்த தரவில் குறுக்குச் சரிபார்ப்பை இப்படித்தான் செய்ய வேண்டும் என்பதில் இந்த ஊர்க்காரர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

2025 ஜூன் 11, புதன்

நான் இங்கே வந்ததற்கு இந்த ஒரு பாடம் போதும்.

2021-ல் இதே பல்கலைக்கழகத்தின் ஹன்னா மையரும் எட்ஸர் பெபெஸ்மாவும் ஒரு வழிமுறையை வெளியிட்டார்கள். மாதிரி ஒவ்வொரு பிக்சலுக்கும் விடை சொல்லும். தெரியாத இடத்திலும் தயங்காமல் சொல்லும். இவர்கள் கேட்டது, மாதிரி இதுவரை பார்த்தவற்றிலிருந்து இந்தப் பிக்சல் எவ்வளவு விலகி நிற்கிறது என்று. தரையில் எத்தனை கிலோமீட்டர் என்பதல்ல கணக்கு. ஒளிப்பட்டைகளின் எண்களில் எவ்வளவு தூரம் என்பது. மாதிரி எந்தப் பட்டையை அதிகம் நம்புகிறதோ அதற்கு அதிக எடை. அந்த விலகல் ஓர் எல்லையைத் தாண்டினால், இந்த இடத்தில் என் விடையை நம்பாதே என்று வரைபடத்திலேயே சாம்பல் நிறத்தில் காட்டிவிடுவது. ஆர் என்ற நிரல் மொழியில் காஸ்ட் என்ற தொகுப்பாக யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

ம்யூன்ஸ்டரில் பழக்கிய மாதிரியை ராமநாதபுரத்தின் மேல் ஓட்டிப் பார்த்தேன். ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயை, நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய கண்மாயை, பாதி புல்வெளி, பாதி காடு என்றது. பிறகு இந்த வழிமுறையைப் போட்டேன். மாவட்டமே சாம்பல் நிறமாகிவிட்டது.

ரொம்ப நேரம் அந்தச் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உலக வரைபடம், உலகத் துல்லியம் என்று எத்தனையோ வண்ணப் படங்களைப் பார்த்திருக்கிறேன். பழக்கிய புள்ளிகள் பெரும்பாலும் எங்கோ இருக்கும். எங்கள் பக்கத்துக்கும் நிறம் மட்டும் அடித்திருப்பார்கள். அந்த நிறத்தை நம்பி யாரோ ஒரு அதிகாரி திட்டம் போடுவார். முதல் முறையாக ஒரு வரைபடம் எங்கள் ஊரைத் தனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறது.

2025 ஜூலை 28, திங்கள்

பதினோரு வருடத்துக்கு முன் இதே நாளில் இந்த ஊரில் ஏழு மணி நேரத்தில் 292 மில்லிமீட்டர் மழை கொட்டியது. வீட்டுக்கார அம்மா அடித்தளத்துச் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைக் காட்டினார். தரையில் வைத்திருந்த ஒரு மழைமானி இருந்ததால்தான் அந்த எண் கிடைத்தது. நான் 2015 சென்னையைப் பற்றிச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது.

2025 ஜூலை 30, புதன்

இங்கே மதியம், ஸ்ரீஹரிகோட்டாவில் மாலை. நிசார் ஏறிவிட்டது! இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த ரேடார் செயற்கைக்கோள். நூலகத்தில் சத்தமில்லாமல் கைதட்டினேன்.

எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்றால், டிசம்பரில் எழுதி வைத்த அந்த ஐந்தரை சென்டிமீட்டர். அந்த அலை கருவேல இலைகளிலும் சின்னக் கிளைகளிலுமே பெரும்பாலும் சிதறிவிடும், அடியில் நிற்கும் தண்ணீர் தெரியாது. நிசாரின் எல்-பேண்ட் அலை 24 சென்டிமீட்டர். இலையைத் தாண்டி இறங்கும், தண்ணீரிலும் அடிமரத்திலும் பட்டு எதிரொலித்து வெளிச்சமாகத் திரும்பும். கண்மாய்க்குள் முள்காடு, முள்காட்டுக்குள் தண்ணீர். எங்கள் மாவட்டத்துக்குத் தேவையானது இதுதான்.

2025 அக்டோபர் 3, வெள்ளி

ஜெர்மனி ஒன்றான நாள், விடுமுறை. ஆய்வுத் திட்டத்துக்கு, ஊரில் நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல 40 புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து அப்பாவின் கைபேசிக்கு அனுப்பினேன். கண்மாய், கரை, வயல், முள்காடு என்று வகை பிரித்து, வகைக்குள் குலுக்கல் முறையில் எடுத்தவை.

"எல்லாத்தையும் ரோட்டோரமா எடுத்தா சீக்கிரம் முடிஞ்சிரும்ல?"

"ரோட்டோரம் மட்டும் பாத்தா ரோட்டோரம் மட்டுந்தாம்ப்பா தெரியும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி, நீ சொல்றது நியாயந்தான்" என்றார். கைபேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் தவறலாம், பிக்சலோ பத்து மீட்டர். அதனால் சுற்றிலும் முப்பது மீட்டருக்கு ஒரே மாதிரியான தரையாகப் பார்த்து நடுவில் நிற்கச் சொன்னேன். நான்கு திசைக்கும் ஒரு படம், காலடியில் ஒரு படம். செயற்கைக்கோள் காலை பத்தரையை ஒட்டித்தான் ஊருக்கு மேலே போகும் என்று சொன்னதிலிருந்து, போகிற நாளெல்லாம் அந்த நேரத்துக்கே கிளம்புகிறார்.

2025 டிசம்பர் 7, ஞாயிறு

37 புள்ளிகள் வந்துவிட்டன. அட்டவணையில் அப்பா எழுதி அனுப்பியவற்றை அப்படியே வைத்திருக்கிறேன்: 'முழங்கால் தண்ணி', 'ஆகாயத்தாமரை, அடியில தண்ணி', 'சேறு, நேத்து வரை தண்ணி நின்னிருக்கு', 'கலுங்கு தாண்டி ஓடுது'. இவ்வளவு வகை வகுப்பறையில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தண்ணீர் உண்டு, இல்லை என்று இரண்டே வகை வைத்திருந்தேன். ஐந்தாக மாற்றிவிட்டேன்.

மீதி மூன்றும் முள்காட்டின் நடுவில். இன்று காலை அங்கிருந்தே கூப்பிட்டார்.

"உள்ள போக முடியல தாயி, முள்ளு காலக் கிழிக்குது. ஆனா தவளைச் சத்தம் காதப் பிளக்குது. தண்ணி இருக்கு."

கைபேசியை மரங்களின் பக்கம் நீட்டிப் பிடித்தார். எனக்கும் கேட்டது. 31-ம் புள்ளிக்கு எதிரே, தண்ணீர்: உண்டு என்று எழுதினேன். ஆதாரம் என்ற கட்டத்தில் தவளைச் சத்தம் என்று எழுதினேன்.