ரேங்க் கார்டும் குடியும்

"குடிகாரன் மொத்தமா கவுந்தாதான் திருந்துவான்" என்று வியாசர்பாடியில் எங்கள் தெருவே சொல்லும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. என் அக்கா வீட்டுக்காரர் வேலை போனபோதும் குடியை விடவில்லை, பைக்கோடு விழுந்து தோள்பட்டை உடைந்தபோதும் விடவில்லை, மாவுக்கட்டு பிரித்த அன்றைக்கே பகல் 12 மணிக்கு டாஸ்மாக் ஷட்டர் திறக்கும் முன்பே போய் நின்றார். அவரை உலுக்கியது சின்ன விஷயம். ஆறாவது படிக்கிற மகள் ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டால் "உங்க கை நடுங்கும்ப்பா, மிஸ் கேப்பாங்க" என்கிறாள், கொஞ்சமும் கோபமில்லாமல்.

அன்று ராத்திரியே மொத்தமாக நிறுத்தப் போவதாகச் சொன்னார். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். வருடக்கணக்காகத் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிரே கூடப் போகலாம், இதற்கெல்லாம் வைராக்கியம் மட்டும் போதாது, மாத்திரை, தயமின் (வைட்டமின் பி1) ஊசி, டாக்டர் கண்காணிப்பு எல்லாம் வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. இந்திரா நகரில் குடியை விட உதவும் டிடிகே மருத்துவமனை இருக்கிறது. கவுரவம் பார்க்காமல் போகலாம்.

அவர் சேர்ந்தார், திரும்பி வந்தார், பொங்கல் சமயத்தில் சறுக்கினார். அக்கா திட்டவில்லை. மறுநாளே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போனாள். இப்போது ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு) கூட்டத்துக்கும் போகிறார்.