படம் 3-இல் ஒரு தூசு

ஏற்காட்டுத் தோட்டங்களில் பறித்த காபி இலைகளை ஐஸ் பெட்டியில் சேலத்துக்குக் கொண்டுவந்து, டிஎன்ஏ பிரித்து, பிசிஆர் முறையில் அதன் துண்டுகளைப் பெருக்கி, அவற்றை ஜெல்லில் ஓட்டி நீளவாரியாகப் பிரித்து, எந்தச் செடி எதற்கு நெருக்கம் என்று நாங்கள் எழுதிய கட்டுரை அது. வெளியாகி எட்டு மாதம் கழித்து, புதிதாகச் சேர்ந்த மாணவி அச்சுப் பிரதியுடன் வந்து நின்றாள். "அக்கா, இந்த ரெண்டு படத்துலயும் ஒரே இடத்துல தூசு இருக்குதுங்க."

இருந்தது. படம் 3-இல் இரண்டாவது ஜெல்லும் நான்காவதும் ஒன்றேதான். ஒன்றில் வெளிச்சம் கூடுதலாக இருந்ததால் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. படங்களை அடுக்கியவள் நான்.

"அட்டவணை சரியாத்தானே இருக்கு, யாரு பார்க்கப் போறா?" என்றார் கூட எழுதியவர்களில் ஒருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. படிப்பவர் எங்கள் செடியைப் பார்த்ததில்லை. அவருக்கு அந்தப் படம்தான் சாட்சி. மனித செல்லில் குரோமோசோம் 48 என்று 1923-இல் பெயிண்டர் என்ற விஞ்ஞானி சொன்னார். 1956-இல் ஜியோவும் லெவானும் 46 என்று எண்ணிக் காட்டும்வரை அதுவே பாடமாக இருந்தது. நடுவில் எண்ணிப் பார்த்தவர்களும் படித்த எண்ணையேதான் கண்டார்கள்.

மூலப் படத்தைத் தேட நான்கு நாள் ஆனது. பழைய ஹார்ட் டிஸ்கில் 'கடைசி', 'புதுக் கடைசி' என்று கோப்புகள். எந்த டிஎன்ஏ துண்டு பெருக வேண்டும் என்று தீர்மானிக்கும் சிறு இழைதான் பிரைமர்; எதிலும் அதன் பெயர் இல்லை. கைப்பட எழுதிய நோட்டுதான் காப்பாற்றியது: எந்தத் தேதி, எந்தப் பிரைமர், ஜெல்லின் எந்தக் குழியில் எந்தச் செடியின் டிஎன்ஏ என்று எல்லாம் அதில் இருந்தது.

சரி, படம் கிடைத்துவிட்டது என்று மூச்சுவிட்டேன். அப்புறம்தான் மூன்று குழிகளுக்கு நேரே மங்கலான பேண்டுகள், அதாவது டிஎன்ஏ துண்டுகள் நிற்கும் கோடுகள், தெரிந்தன. அட்டவணையில் அங்கெல்லாம் பேண்ட் இல்லை என்று 0 போட்டிருந்தோம். ஃப்ரீசரில் மீதியிருந்த டிஎன்ஏவை எடுத்து அதே பிரைமரை மறுபடி ஓட்டினோம். மூன்றிலும் பேண்ட் வந்தது. 0-வை 1 ஆக்கி, ஒற்றுமை எண்களைத் திரும்பக் கணக்கிட்டு, செடிகளின் நெருக்கத்தைக் காட்டும் கிளைப்படத்தைப் புதிதாக வரைந்தோம். ஒரு செடி பக்கத்துக் கிளைக்கு இடம் மாறியது.

திருத்தக் குறிப்பு ஐந்தே வரி. எழுத ஒரு வாரம் ஆனது. மாணவியைக் கேட்டு, அவள் பெயரைச் சொல்லி நன்றி எழுதினேன். கடைசியில், எல்லோரும் எழுதுகிற வழக்கத்தில், 'இதனால் முடிவுகள் மாறவில்லை' என்றும் சேர்த்திருந்தேன். கைடு படித்துவிட்டு அந்த வரியை மட்டும் பேனாவால் அடித்தார். "மாறிச்சேம்மா. எந்தச் செடி, எங்க போச்சுன்னு எழுதிடு."

எழுதினேன்.