ஏழு ஜியாரத்தும் இரண்டு இரவும்

செப்டம்பர் 12, வெள்ளி

ஜும்ஆ முடிந்து பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் முற்றத்தில் பதினொரு பேரும் உட்கார்ந்து பயண நிரலைப் பிரித்தோம். அக்டோபர் 13 திங்கள் மதியம் மொராக்கோவின் காசாபிளாங்கா, அங்கிருந்து ரயிலில் மராக்கேஷ். பிறகு அட்லஸ் மலை, தூப்கால் உச்சி, 4,167 மீட்டர். 26-ஆம் தேதி திரும்பல்.

மராக்கேஷில் அடங்கிய ஏழு வலிமார்களையும், அதாவது இறைநேசர்களையும், ஜியாரத் (அடக்கத்தலத் தரிசனம்) செய்வதைச் செவ்வாயில் தொடங்கித் திங்களில் முடிக்க வேண்டும், நாளுக்கு ஒருவர், அதுதான் அந்த ஊர் முறை என்கிறார் எங்கள் மார்க்க அறிஞர் ஆலிம்சா. ஏழு தர்காவும் பழைய மதிலுக்கு உள்ளேயும் வாசலை ஒட்டியும்தான் இருக்கின்றன, வேன் பிடித்தால் ஒன்றரை நாளில் முடியும் என்று இளைஞர்கள். நானும் அவர்கள் பக்கம்தான். ஏழு நாளையும் 460 மீட்டர் உயரத்தில் செலவழித்தால் மலைக்கு என்ன மிஞ்சும்?

செப்டம்பர் 14, ஞாயிறு

கொடிமலை. காலை ஆறேகாலுக்குப் பூமலை வாசலிலிருந்து தார்ச்சாலை வழியாக ஏற்றம், ஐந்து கிலோமீட்டர். ஒவ்வொருவர் பையிலும் ஒன்றரை லிட்டர் போத்தல் நான்கு, ஆறு கிலோ கனத்துக்காக. குடிக்க இரண்டு லிட்டர் தனி. மூச்சு எல்லோருக்கும் பரவாயில்லை. இறங்கும்போதுதான் வினை. அந்தச் சரிவு முழங்காலைத் தின்கிறது. லாத்தா (எங்கள் அக்கா) பாதி வழியிலேயே பக்கவாட்டில் கால் வைத்து இறங்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து ஏறுவது கால்நடை, இறங்குவது ரயில். தொடையும் கெண்டைக்காலும் ஏற்றத்தில் பலம் பெறட்டும். இறங்கப் பழகப் படிக்கட்டு போதும், இரண்டு கைத்தடியோடு.

கொடிமலை 833 மீட்டர். இங்கே எத்தனை தடவை ஏறினாலும் கால்தான் பழகும், உயரத்துக்கு இரத்தம் பழகாது.

செப்டம்பர் 15, திங்கள்

தூப்கால் அடிவாரக் கிராமமான இம்லிலின் வழிகாட்டியிடமிருந்து பதில் இல்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

மலேசிய தின விடுமுறை. நாள் முழுக்க இரவுகளை எண்ணினேன்.

பலரும் செய்வது இரண்டு நாள் ஏற்றம். முதல் நாள் இம்லிலிலிருந்து, அதாவது 1,740 மீட்டரிலிருந்து, 3,207 மீட்டரில் இருக்கும் மலை விடுதிக்கு. மறுநாள் விடியுமுன் உச்சி, மாலைக்குள் இம்லில். கடல் மட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு இது அவசரம். 3,000 மீட்டருக்கு மேல் போனால் தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது பொது விதி. அங்கேயோ ஒரே தாவலில் 1,500. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை மூன்றும் பெரும்பாலும் முதல் இரவிலேயே வரும். அதோடு விடியுமுன் எழுப்பி இன்னும் 960 மீட்டர் ஏற்றினால் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள், திரும்பாதவர்கள் நிலைமை இன்னும் மோசம்.

நான் எழுதிவைத்திருப்பது: ஆரூம்த் கிராமத்தில் இரண்டு இரவு, சுமார் 1,900 மீட்டர். இடையில் ஒரு நாள் 2,489 மீட்டர் உள்ள மிஸிக் கணவாய்க்கு ஏறி, அன்றே இறங்கித் தூங்குவது. பிறகு மலை விடுதியில் இரண்டு இரவு. இந்த இரண்டாவது இரவைத்தான் எல்லோரும் வெட்டப் பார்க்கிறார்கள். ‘சும்மா உட்கார்ந்து என்ன பண்றது அங்க?’ சும்மா உட்காருவதுதான் வேலை. கொஞ்சம் மேலே நடந்து, இறங்கி, சூப் குடித்து, மறுபடி தூங்குவது.

மெர்சூகா மணல்மேடு வேண்டாம் என்று அடித்துவிட்டேன். மராக்கேஷிலிருந்து 560 கிலோமீட்டர், போக ஒரு பகல், வர ஒரு பகல்.

செப்டம்பர் 18, வியாழன்

இரவு நாகூர் தர்காவில் ஃபாத்திஹா. சூலியா ஸ்ட்ரீட்டில் மழை கொட்டி, செருப்பெல்லாம் மிதந்தது. முடிந்ததும் ஆலிம்சா ஒரு துண்டுத் தாளை எடுத்து ஏழு பெயரையும் எழுதினார்.

செவ்வாய் சீதி (மரியாதைப் பட்டம்) யூசுஃப் பின் அலி, பாப் அக்மாத் வாசலுக்கு வெளியே. தொழுநோயோடு குகையில் வாழ்ந்தவர். புதன் காழி இயாழ். வியாழன் சீதி பெல் அப்பாஸ், பார்வையற்றோரின் புகலிடம். 1130 வாக்கில் சியூட்டாவில் பிறந்தவர். வெள்ளி இமாம் ஜஸூலி. சனி சீதி அப்துல் அஸீஸ் தப்பா. ஞாயிறு சீதி கஸ்வானி. திங்கள் இமாம் சுஹைலி, பாப் ருப்புக்கு வெளியே. ஸ்பெயினின் மாலகாப் பக்கத்திலிருந்து வந்தவர், கண் தெரியாதவர்.

பிறகு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றையும் பேனாவால் சேர்த்து ஒரு கோடு போட்டார். ஜஸூலி 1465-இல் மறைந்தார். அவருடைய முரீது தப்பா, 1508. தப்பாவின் முரீது கஸ்வானி, 1528. ஷெய்கு, அவர் சீடர், சீடருக்குச் சீடர் என்று மூன்று நாளும் ஒரு சில்சிலாவின் மேல் நடக்கிறோம். ‘இதை வேன்ல ஒன்றரை நாள்ல முடிச்சா ஏழு கபுரைப் பார்த்த கணக்குதான் வரும் தம்பி.’

என்னிடம் பதில் இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் சுல்தான் மௌலாய் இஸ்மாயீல் கேட்டுக்கொண்டபடி அறிஞர் யூஸி வகுத்த முறை இது. நம் வீடுகளில் வாரத்துக்குப் பங்கிட்டு ஓதும் தலாயிலுல் கைராத், நபி மீதான வாழ்த்துரைகள், ஜஸூலியின் தொகுப்புதான். அந்தப் பங்கீட்டைக் குறைக்கச் சொல்ல யாருக்கும் மனசு வராது, எனக்கும்தான்.

ஏழு நாளும் இருக்கட்டும். மலைக்கான இரவுகளும் குறையக்கூடாது. வேறு எதை வெட்டுவது?

செப்டம்பர் 19, வெள்ளி

தின்மெல் பள்ளிவாசலை வெட்டினேன். 12-ஆம் நூற்றாண்டு முவஹ்ஹிதீன் அரச மரபின் கட்டடம், 2023 செப்டம்பர் 8 பூகம்பத்தில் பெரும்பகுதி இடிந்தது. ஜெபல் அலமையும் வெட்டினேன், கை நடுங்கியது. ஷாதுலிய்யா சூஃபி வழியைத் தொடங்கிய ஷாதுலி இமாமின் குரு இப்னு மஷீஷ் அடங்கிய மலை, தக்கைப்பட்டை விரித்த முற்றம். ஆனால் அது வடக்கே ரிஃப் மலைத்தொடரில். மராக்கேஷிலிருந்து தாஞ்சியர் நகருக்கு இரண்டு ரயில், பிறகு மலைப்பாதை, குறைந்தது மூன்று நாள். அதற்கென்று தனியாக ஒரு பயணம் போக வேண்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

குஃப், அதாவது தோல் காலுறை, சோதனை.

உச்சிக்குக் கிளம்புவது அதிகாலை நாலரை. அங்கே அக்டோபர் கடைசியில் சுபுஹு, விடியற்காலைத் தொழுகை, ஆறேகால் வாக்கில், அதனால் தொழுகை நேரம் நடுச்சரிவில் வரும். உறையும் குளிரில் பூட்ஸைக் கழற்றிக் கால் கழுவ முடியாது. பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு கால் கழுவுவதற்குப் பதில் காலுறை மேல் மஸஹ் செய்ய, அதாவது ஈரக்கையால் தடவ, சலுகை உண்டு. கணுக்கால் மூட வேண்டும், நீர் உள்ளே போகக்கூடாது, முழு உளூவோடு (தொழுகைக்கு முந்தைய கழுவலோடு) அணிந்திருக்க வேண்டும். குட்டைச் சப்பாத்து கணுக்காலை மூடாது, எனவே உயரத் தோல் பூட்ஸ். ஆனால் மலை விடுதி வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி வைக்கச் சொல்வார்கள், கழற்றினால் சலுகை போய்விடும். அதனால் பூட்ஸுக்குள் மெல்லிய தோல் குஃப்.

கொடிமலையில் குஃப் போட்டு ஏறிய மூவரில் இருவருக்கு மூன்றாவது கிலோமீட்டரிலேயே குதிகாலில் கொப்புளம்.

செப்டம்பர் 22, திங்கள்

காரணம் தெரிந்தது. தோல் வியர்வையை உறிஞ்சாது, ஈரத்தில் பாதம் ஊறி மிருதுவாகிறது. குஃப்பின் பின்தையல் சரியாகக் குதிகால் எலும்பின்மேல் உட்கார்ந்து ஒவ்வொரு எட்டுக்கும் தேய்க்கிறது. போதாததற்குப் பூட்ஸும் இறுக்கம், ஏனென்றால் கடையில் குஃப் இல்லாமல் அளவு பார்த்தார்கள்.

செய்ய வேண்டியது: அரை அளவு பெரிய பூட்ஸ். குஃப்புக்குள் மெல்லிய கம்பளிக் காலுறை, பருத்தி கூடவே கூடாது. குதிகாலில் ஒட்டும் பட்டை. இங்கேதான் ஒரு சிக்கல். பட்டை ஒட்டிய காலில் உளூ செய்தால் நீர் தோலில் படாது, உளூ கூடாது. ஆலிம்சாவிடம் கேட்டு வரிசையை உறுதி செய்துகொண்டேன். முதலில் முழு உளூ, காலைத் துடைத்துக் காயவிடுவது, பட்டை, கம்பளி, கடைசியில் குஃப். உச்சிக்கு முந்தின மாலை மலை விடுதியில் இப்படி அணிந்தால் மறுநாள் இம்லில் திரும்பும் வரை கழற்ற வேண்டாம். கழற்றினால் பட்டையையும் பிய்த்துவிட்டுக் கால் கழுவ வேண்டும்.

செப்டம்பர் 25, வியாழன்

பதில் இல்லை. நீல டிக் இரண்டும் விழுந்திருக்கிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

மருத்துவரிடம் எல்லோரும் போய்வந்தார்கள். அசெட்டசோலமைடு 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, உயரம் ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு எழுதவில்லை. விரல் நுனி மரமரக்கும், சிறுநீர் அடிக்கடி போகும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இங்கேயே ஒரு நாள் போட்டுப் பார்க்கச் சொன்னார், மலையில் முதல்முறையாக விரல் மரத்தால் பயந்துவிடுவார்கள்.

லாத்தாவுக்கு இன்சுலின். உறைந்தால் பயன்படாது, அதனால் பையில் வைக்காமல் மார்போடு ஒட்டிய உள்பையில். சர்க்கரை அளக்கும் கருவி குளிரில் பிழை காட்டும், அதையும் உடம்புச் சூட்டில்தான் வைக்க வேண்டும். இனிப்பு புதினாத் தேநீரைப் போகிற வீடெல்லாம் ஊற்றுவார்கள். ‘சீனி இல்லாம’ என்பதற்கு ‘பிலா சுக்கர்’ என்று எல்லோருக்கும் மனப்பாடம் செய்வித்தேன்.

தலைவலியோடு யாரும் மேலே ஏறக்கூடாது. ஒரு காலின் விரலை ஒட்டி மறு காலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடக்கத் தடுமாறினால் இரவானாலும் இறக்க வேண்டும். இதை மூன்று தடவை சொன்னேன்.

அக்டோபர் 1, புதன்

பதில் வந்தது! மலை விடுதியில் 23-ஆம் தேதி பதினொரு கட்டில். 24-க்கு எட்டுதான்.

எட்டு. வெட்டச் சொன்ன அதே இரண்டாவது இரவு.

அக்டோபர் 2, வியாழன்

அங்கே இரண்டு விடுதிகள் அருகருகே. ஒன்று 1938-இல் பிரெஞ்சு மலையேறும் சங்கம் கட்டியது, இன்னொன்று பிறகு வந்தது. மற்றதில் மூன்று கட்டில் கேட்டு எழுதியிருக்கிறேன். வழிகாட்டி இல்லாமல் மேலே விடமாட்டார்கள், 2018 முடிவிலிருந்து அது கட்டாயம். சோதனைச் சாவடிகளில் பாஸ்போர்ட் பார்த்துப் பெயர் எழுதுவார்கள். இரண்டு விடுதியிலும் ஆள் பிரிந்தால் இரண்டாவது வழிகாட்டி வேண்டும்.

அக்டோபர் 3, வெள்ளி

சீதி ஷம்ஹரூஷ் பற்றிப் பேச்சு சூடாகிவிட்டது. விடுதிக்குப் போகும் வழியில், 2,310 மீட்டரில், வெள்ளையடித்த பெரிய பாறை, சின்னப் பாலம், அந்தப் பக்கம் முஸ்லிம்கள் மட்டும். ஜின்களின் அரசன் என்று ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள், கோழியும் ஆடும் அறுக்க ஆள் வருகிறது. ஜியாரத் செய்யலாம் என்றார்கள் நால்வர். ஆலிம்சா, ‘அங்க அடங்கியிருக்கிற வலி யார்னு சொல்லுங்க, நான் முன்னால போறேன்’ என்றார். எனக்கும் அதே எண்ணம். ஆரஞ்சுச் சாறு குடித்து, நண்பகல் லுஹர் தொழுது, நடையைக் கட்டுவது. ஊர்க்காரர்களிடம் விவாதம் செய்யக்கூடாது என்பதில் எல்லோரும் ஒரே குரல்.

அக்டோபர் 5, ஞாயிறு

பை. கோவேறு கழுதையின் இருபுறமும் கட்டுவார்கள், எனவே சக்கரப்பெட்டி ஆகாது. துணிமூட்டைப் பை, ஆளுக்குப் பத்துக் கிலோ, உள்ளே எல்லாம் பிளாஸ்டிக் உறையில். கைத்தடி விமானக் கைப்பையில் கூடாது, பவர் பேங்க் கைப்பையில்தான். தம்பி ஒருவன் டிரோன் கொண்டுவருகிறேன் என்றான். விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள், வீட்டிலேயே வை. காசு யூரோவாக. திர்ஹம் அங்கே இறங்கித்தான் மாற்ற வேண்டும், ரிங்கிட்டை நம்ப முடியாது. கழுதைக்காரர்களுக்குச் சில்லறை தனி உறையில்.

அரை அளவு பெரிய பூட்ஸ், கம்பளி, பட்டை, குஃப். கொடிமலை முழுக்க ஏறியும் கொப்புளம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அக்டோபர் 8, புதன்

லாத்தா தொலைபேசியில்: ‘நான் ஆரூம்த்லயே இருந்துக்கிறேன். ஏழு ஜியாரத் கிடைச்சா எனக்குப் போதும்ப்பா.’ முழங்கால் வீக்கம் வடியவில்லை. தனியாக விடமாட்டேன் என்று இன்னும் இருவர் உடன் நிற்கிறார்கள். எட்டுக் கட்டில், எட்டுப் பேர். கணக்கு இப்படிச் சரியாக வருவதை நான் கேட்கவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

லாத்தாவுக்கு மிஸிக் கணவாய் வரை கழுதை ஏற்பாடு செய்ய முடியுமா என்று இம்லிலுக்கு எழுதினேன். பாதை அகலம்தான். இறக்கம் மட்டும் நடை, கைத்தடியோடு. பூமலைப் படிக்கட்டில் இரண்டு நாள் பழகச் சொன்னேன், அப்போதே போய்விட்டார்.

அக்டோபர் 10, வெள்ளி

பினாங்கில் பிறந்து வளர்ந்தவர்கள் ஆயுள் முழுக்க மேற்கைப் பார்த்தே தொழுதவர்கள். அங்கே கிப்லா கிழக்கு. அக்டோபர் சூரியன் உதிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கம். இருட்டில் திசை தடுமாறும் என்று ஆளுக்கொரு சின்ன காம்பஸ் வாங்கினேன். சரிவு முழுக்க உருளும் சில்லுக்கல், எட்டுப் பேர் ஒரே வரிசையில் நிற்க இடமிருக்காது. இருவர் இருவராக, பாதையின் உள்பக்கம், பள்ளத்தைப் பார்த்து நிற்காமல். தலைவிளக்கை அணைத்துவிட்டால் எதிரில் நிற்பவர் கண் கூசாது. நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவுக்கு முன் கையால் தரையைத் தடவிக் கல்லை ஒதுக்க வேண்டும். கையுறையோடு செய்யலாம், நெற்றியில் மட்டும் கம்பளித் தொப்பி இறங்கியிருக்கக் கூடாது.

அக்டோபர் 11, சனி

பதினொரு பையும் நிறுத்தாகிவிட்டது. ஒன்று மட்டும் பன்னிரண்டரை. திறந்தால் சம்பால் போத்தல் மூன்று. ஒன்றை விட்டுவைத்தேன்.

இம்லிலிலிருந்து கழுதை பற்றி இப்போதுதான் செய்தி: கிடைக்கும்.